எண்ணிப் பார்த்தவர்கள் – 9: செத்திருக்க வேண்டிய ஆட்டுக்குட்டி

போன வாரம் உங்களை அமெரிக்காவின் ராச்செஸ்டர் ஊரில், செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் அருகே நிறுத்திவிட்டுப் போனேன். தேதி 1948 செப்டம்பர் 21. கட்டிலில் முடக்குவாதத்தால் மூட்டெல்லாம் இறுகிப்போன 29 வயதுப் பெண். புரண்டு படுக்கவே ஆள் துணை வேண்டும். டாக்டர் பிலிப் ஹென்ச் கையிலிருந்த மருந்துக்கு அப்போது பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை. 'காம்பவுண்ட் இ' என்றார்கள். மாட்டுப் பித்தநீரில் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட ரசாயனப் படிகள் தாண்டி, மெர்க் கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் செய்து அனுப்பியிருந்தது.

ஊசி போட்டார்கள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் அந்தப் பெண் தானாகவே படுக்கையில் புரண்டார். ஒரு வாரத்துக்குள் கடைத்தெருவுக்கு நடந்து போய்ச் சாமான் வாங்கி வந்தார்.

அடுத்த ஆண்டு ஹென்ச் சினிமாப் படமே எடுத்துக் காட்டினார். ஊசிக்கு முன் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்கள், ஊசிக்குப் பின் படியேறி இறங்கினார்கள். 1950-ல் ஹென்சுக்கும், அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த எட்வர்டு கெண்டலுக்கும், ஸ்விட்சர்லாந்தில் அதே வேலையைச் செய்துவந்த டடேயஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் நோபலுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். மருத்துவ நோபல் இவ்வளவு அவசரப்பட்டது அபூர்வம்.

அவசரத்துக்கான விலையும் பின்னாலேயே வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு முகம் உப்பியது. எலும்பு பலமிழந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. சாதாரணக் கிருமி கூடப் பெரிய காய்ச்சலாக முற்றியது. ஊசியை நிறுத்தினால் வலி முழுதாகத் திரும்பி வந்தது. 'காம்பவுண்ட் இ'-க்குப் பிறகு வைத்த பெயர் கார்ட்டிசோன். அது முடக்குவாதத்தைக் குணப்படுத்தவில்லை, உடம்பு காட்டும் வீக்கத்தையும் எதிர்ப்பையும் சில காலம் அடக்கி வைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய ஆசையைக் கிளப்பியது தெரியுமா? வீக்கம் இல்லாத வார்டு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? தோல் டாக்டர் எடுத்துக்கொண்டார், கண் டாக்டர் எடுத்துக்கொண்டார், ஆஸ்துமா பார்ப்பவர் எடுத்துக்கொண்டார். 1950-களின் கடைசியில் கார்ட்டிசோனைவிடப் பல மடங்கு வீரியமான டெக்ஸாமெத்தசோன் வந்தது. 1961-ல் மூளைக் கட்டியைச் சுற்றி வரும் நீர்க்கோப்பை அது மளமளவென்று வற்ற வைத்ததை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கண்டார்கள். கட்டியைச் சுற்றிய வீக்கம் வற்றுமானால், மண்டை அடிபட்டவனின் மூளை வீக்கமும் வற்றத்தானே வேண்டும்? அடுத்த நாற்பது ஆண்டுகள் எத்தனையோ நாடுகளில் விபத்து வார்டில் இதுவே நடைமுறை. கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

அந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்பதைப் பார்க்கும் முன், நியூசிலாந்துக்கு ஒரு நடை போய்விட்டு வரவேண்டும்.

*

1963 ஆகஸ்ட். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்தவன், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பிறந்ததிலிருந்தே மூச்சுக்குத் திணறினான். உலகத்தின் மிகப் பலம் பொருந்திய நாட்டின் மிகச் சிறந்த டாக்டர்கள் பாஸ்டனில் சுற்றி நின்றார்கள். அழுத்தக் காற்று அறைக்குள் வைத்தும் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் குழந்தை போய்விட்டது.

காரணம் அப்போதே தெரியும். நான்கு ஆண்டு முன்பு மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டர் கண்டுபிடித்திருந்தார். நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப் பைகளின் உட்சுவரில் வழுவழுப்பான ஒரு பூச்சு வேண்டும். அது இல்லையென்றால், நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வது போல, விடும் மூச்சோடு அந்தப் பைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்குக் குழந்தை மறுபடி பிரித்தெடுக்கவேண்டும். அதற்கடுத்த மூச்சுக்கும் அப்படியே. கடைசியில் தளர்ந்து போகும். இந்தப் பூச்சு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் ஊறுகிறது. முந்திப் பிறந்தவனுக்கு அது இல்லை.

ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். 'மாண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நுரையீரல் மேல் எந்த அக்கறையும் இல்லை. அவருடைய கேள்வி வேறு. பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது யார்? தாயா, குழந்தையா? மனுஷியிடம் இதைச் சோதிக்க முடியாது. நியூசிலாந்தில் ஆட்டுக்குப் பஞ்சமா? சினை ஆடுகளை வைத்து வேலை தொடங்கினார். வயிற்றில் இருக்கும் குட்டியின் உடம்புக்குள்ளேயே கார்ட்டிசோன் வகை அட்ரினல் சுரப்புகளைச் செலுத்தினார். விடை கிடைத்தது: குட்டிதான். குட்டியின் அட்ரினல் வேலை செய்யத் தொடங்கினால் தாய் ஆட்டுக்கு வலி எடுக்கிறது. டெக்ஸாமெத்தசோன் செலுத்தினாலும் அப்படியே.

இந்தச் சோதனையில் பிறக்கும் குட்டிகள் பிழைக்காது என்பது லிக்கின்ஸுக்குத் தெரியும். ஆட்டுக்குக் கர்ப்பம் ஏறக்குறைய 150 நாள். இவர் 117 நாளிலேயே வலி வர வைத்துவிடுகிறார். நுரையீரல் கல் மாதிரி இருக்கும். பிறந்த மாத்திரத்தில் செத்துப்போகும்.

ஒருநாள் காலை கொட்டிலுக்குப் போனார். இரவே ஆடு ஈன்றிருந்தது. 117 நாள் குட்டி.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அது அதிக நேரம் உயிரோடு இல்லை. பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் தங்கள் கேள்விக்குத் திரும்பியிருப்பார்கள். லிக்கின்ஸ் அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் ஒரு பகுதி காற்றேறி விரிந்திருந்தது. அந்த வயதுக் குட்டிக்கு அது நடக்கவே கூடாத காரியம். வலி வர வைக்கப் போட்ட மருந்து நுரையீரலையும் முன்கூட்டியே பழுக்க வைத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தான் தேடாத இடத்திலிருந்து வந்த பதிலை அவர் தள்ளிவிடவில்லை. இந்தத் தொடரில் நாம் சந்தித்த எல்லோரிலும் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

ஆட்டுக்குச் சரி. மனிதக் குழந்தைக்கு?

லிக்கின்ஸ், குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியைச் சேர்த்துக்கொண்டார். குறைமாதத்தில் வலி கண்டு வரும் தாய்மாருக்கு பீட்டாமெத்தசோன் ஊசி, அதுவும் கார்ட்டிசோன், டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டுதான். எல்லோருக்கும் போடுவதில்லை. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வீரியம் குறைந்த வேறொன்று. ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, குழந்தையைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 1969 டிசம்பரில் தொடங்கினார்கள்.

ஹென்ச் செய்யாததை இவர்கள் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முடக்குவாதப் பெண் கடைக்கு நடந்து போனது கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணத் தேவையே படவில்லை. குறைமாதக் குழந்தை விஷயம் அப்படியில்லை. ஊசி இல்லாமலே பிழைக்கும் குழந்தை உண்டு, ஊசி போட்டும் சாகும் குழந்தை உண்டு. இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணினால்தான் ஏதாவது தெரியும்.

முதல் 282 தாய்மார்களின் கணக்கு 1972-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. தானாக வலி கண்டு முன்கூட்டிப் பிரசவித்தவர்களில், நிஜ மருந்து போடாத பக்கத்துக் குழந்தைகளில் முதல் வாரத்திலேயே இறந்தவை நூற்றுக்கு 15. நிஜ மருந்து போட்ட பக்கத்தில் நூற்றுக்கு 3 சொச்சம். மூச்சுத் திணறல் நோய் வந்தவை ஒரு பக்கம் நூற்றுக்கு 26, மறுபக்கம் 9.

விலை மலிவான மருந்து. ஐந்தில் நான்கு சாவைத் தடுக்கிறது. உலகம் முழுவதும் மறுவாரமே போட ஆரம்பித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

*

இருபது ஆண்டு ஆயிற்று.

ஒரு நோபலுக்கு இரண்டே ஆண்டு போதுமாக இருந்த அதே மருந்து வகைக்கு, நல்லபடியாக எண்ணிப் பார்த்து நிரூபித்த பிறகு, இருபது ஆண்டு! பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கார்ட்டிசோன் பட்ட பேர் அப்படி. கர்ப்பிணிக்குப் போட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி என்னாகும், தாய்க்குக் கிருமி தொற்றாதா என்று மகப்பேறு மருத்துவர்கள் தயங்கினார்கள். மற்ற ஊர்களிலும் ஆய்வுகள் நடந்தன. ஒவ்வொன்றும் சிறியது. ஒன்று பலன் உண்டு என்றது, இன்னொன்று பெண் குழந்தைகளுக்கு மட்டும் என்றது, மற்றொன்று நிச்சயமில்லை என்றது. தனித்தனியாகப் படித்தவர்களுக்குக் குழப்பமே மிஞ்சியது. 1990-களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் மிகக் குறைந்த எடைக் குழந்தைகளைப் பெற்ற தாய்மாரில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இந்த ஊசி போடவில்லை.

எல்லா ஆய்வையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி மொத்தக் கூட்டலைப் போட்டால் என்ன? பட்ரிசியா க்ரௌலி, இயன் சாமர்ஸ், மார்க் கெய்ர்ஸே மூவரும் 1990-ல் அதைத்தான் செய்தார்கள். சேர்த்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. 1994-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, போடுங்கள் என்றது. இதற்கிடையே சாமர்ஸ் ஆக்ஸ்போர்டில் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்: காக்ரேன். அதன் சின்னத்தை எங்காவது பார்த்தால் உற்றுக் கவனியுங்கள். வட்டத்துக்குள் சில படுக்கைக் கோடுகள், கீழே ஒரு வைரம். ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோடு ஒவ்வொன்றும் குறைமாதத் தாய்மாருக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு. வைரம், அவற்றின் கூட்டுத்தொகை. காக்காமல் விட்ட குழந்தைகளின் கணக்கையே அவர்கள் தங்கள் முத்திரையாக வைத்துக்கொண்டார்கள்.

நம் ஊரிலும் ஏழாம், எட்டாம் மாதத்தில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீடுகளில் இந்த ஊசியைத் தெரிந்திருக்கும். 'குழந்தையோட நுரையீரல் வளர்றதுக்கு ஊசி போட்டிருக்காங்க' என்று அத்தைமார்கள் வராந்தாவில் சொல்வது இதைத்தான். இங்கே பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்.

ஆக, மலிவான மருந்து. தாமதமானாலும் எண்ணிப் பார்த்து ஜெயித்துவிட்டது. கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு அவசியம் இருந்திருக்காது. விபத்து வார்டில் ஒரு கணக்கைப் பாக்கி வைத்துவிட்டு வந்தோமே?

*

லண்டனில் இயன் ராபர்ட்ஸ் என்ற டாக்டர் அந்தப் பாக்கிக் கணக்கை எடுத்தார். மண்டையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்த பழைய ஆய்வுகளை 1997-ல் அவரும் ஃபில் ஆல்டர்சனும் காக்ரேன் பாணியில் அடுக்கிப் பார்த்தார்கள். மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் நோயாளிதான் தேறினார்கள். கூட்டுத்தொகை எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை. நூற்றில் ஒன்றிரண்டு உயிரைக் காப்பாற்றக்கூடும், காப்பாற்றாமலும் போகலாம்.

நூற்றில் இரண்டுதானே என்று ராபர்ட்ஸ் விட்டுவிடவில்லை. சாலை விபத்தில் மண்டை உடைபவர்கள் உலகத்தில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில். அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் ஓர் ஊரே பிழைக்கும். ஆனால் அவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 20,000 நோயாளி வேண்டும். அந்தத் துறையில் அதுவரை அப்படிப்பட்ட எண்ணிக்கையை யாரும் கனவுகூடக் கண்டதில்லை.

1999-ல் 'கிராஷ்' ஆய்வு தொடங்கியது. 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள். அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்கள், நினைவு ஓரளவாவது தப்பியவர்கள், அவ்வளவுதான் நிபந்தனை. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிக் குப்பி. பாதியில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பாதியில் போலி மருந்து. இரண்டு நாள் தொடர்ந்து நரம்பு வழியே ஏற்றவேண்டும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு குழு இருக்கும். தரவுக் கண்காணிப்புக் குழு என்பார்கள். ஆய்வு நடத்துபவர்களுக்கே தெரியாத கணக்கு அவர்களுக்கு மட்டும் தெரியும். அவ்வப்போது பூட்டிய அறையில் கூடி, எந்தப் பக்கத்தில் எத்தனை சாவு என்று பார்ப்பார்கள். சாதாரணமாக அவர்களிடமிருந்து 'தொடருங்கள்' என்ற ஒரே வார்த்தைதான் வெளியே வரும். ஐந்தாண்டு அப்படித்தான் வந்தது.

2004 மே மாதம், நோயாளி எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தொட்டபோது, அந்த வார்த்தை வரவில்லை. கணக்கை நீங்களே பாருங்கள் என்று குழு சொல்லிவிட்டது.

பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், போலி மருந்துப் பக்கத்தில் 893 பேர். ஸ்டீராய்டு பக்கத்தில் 1,052.

இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஐயாயிரம் ஐயாயிரம் பேர். வித்தியாசம் 159 பிணங்கள். நூற்றுக்கு மூன்று. காப்பாற்றுமா காப்பாற்றாதா என்று கேட்கப் போனவர்களுக்கு, கொல்கிறது என்று பதில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் குறையவில்லை. லேசாக அடிபட்டவர், பலமாக அடிபட்டவர், சீக்கிரம் வந்தவர், தாமதித்து வந்தவர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அதே திசைதான்.

ஆய்வை நிறுத்தினார்கள். இருபதாயிரம் தேவைப்படவில்லை.

ஏன் கொல்கிறது? இன்றும் யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இன்னொரு கேள்வி அதைவிட என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆய்வுக்கு வெளியே, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில், நல்லெண்ணத்தோடு ஏற்றப்பட்ட பாட்டில்களை யார் எண்ணுவது? விபத்து வார்டில் தனி ஒரு டாக்டர் ஆயுசு முழுக்க வேலை பார்த்தாலும், நூற்றுக்கு 18 சாவும் நூற்றுக்கு 21 சாவும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பிழைத்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். செத்தவர்களுக்கு, 'பலமான அடி, எவ்வளவோ முயன்றோம்' என்று சொல்வார்கள். அனுபவசாலி என்று பெயர் எடுத்தவர்தான் இதில் மிக நிம்மதியாகத் தவறியிருப்பார்.

கிராஷ் முடிவு 2004 அக்டோபரில் 'லான்செட்' இதழில் வந்தது. உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் ஸ்டீராய்டு பாட்டிலைக் கழற்றினார்கள். மண்டைக்குள் வீக்கமா, இந்த மருந்துப் பக்கமே போகாதே என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

முடிவு கட்ட அந்த மாதம் விடவில்லை.

*

அதே 2004 அக்டோபர். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வியட்நாமிலிருந்து ஒரு கட்டுரை. ஹோ சி மின் நகரில் கை த்வைட்ஸ், ஜெர்மி ஃபாரர் குழு டி.பி. மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 545 பேரிடம் நடத்திய ஆய்வு. காசநோய்க் கிருமி மூளையின் உறையில் போய்க் குடியேறும் நோய் இது. சரியான டி.பி. மாத்திரைகள் கொடுத்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகும் வார்டு. பாதிப் பேருக்கு டி.பி. மருந்தோடு டெக்ஸாமெத்தசோன், பாதிப் பேருக்கு டி.பி. மருந்தோடு போலி மருந்து.

கிருமி நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தா? ராச்செஸ்டர் காலத்திலிருந்தே பயந்தது இதற்குத்தானே?

ஒன்பது மாத முடிவில் போலி மருந்துப் பக்கத்தில் நூற்றுக்கு 41 பேர் இறந்திருந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பக்கத்தில் 32.

ஒரே மாதம். இரண்டு பெரிய இதழ்கள். இரண்டும் தலைக்குள் நடக்கும் வீக்கம். ஒரே குடும்பத்து மருந்து. ஒன்றில் கொன்றது, ஒன்றில் காத்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: வியட்நாமில் பிழைத்தவர்களில் கடுமையான ஊனத்தோடு மிஞ்சியவர்களின் விகிதம் குறையவில்லை. நல்ல செய்தியிலும் அந்த முள் உண்டு.

ஜெர்மி ஃபாரர் என்ற பெயரை ஓரமாகக் குறித்து வையுங்கள். 2020 மார்ச் மாதத்து இங்கிலாந்துக்கு இந்தத் தொடர் போகும்போது மறுபடி வருவார்.

*

மறுபடி தாய்மார்களிடம் வருவோம். பணக்கார நாடுகளில் நுரையீரல் ஊசி 1994-க்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. ஆனால் குறைமாதக் குழந்தைகள் அதிகம் சாவது அங்கேயா? நம் மாதிரி நாடுகளில். ஊசி மலிவு, குளிர்ப்பெட்டி தேவையில்லை, கிராமச் செவிலியர்கூடப் போடலாம். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்காமல் ஊசியை ஊருக்கே கொண்டுபோனால் என்ன? இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியுமா? இந்திய அரசும் 2014-ல் வழிகாட்டி வெளியிட்டது: குறைமாத வலியோடு வரும் தாய்க்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கிராம சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுவிடலாம்.

இதே யோசனையை அர்ஜென்டினாவின் ஃபெர்னாண்டோ அல்தாபே குழு ஆறு நாடுகளில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, ஜாம்பியா, கென்யா, பாகிஸ்தான், இந்தியா. ஆய்வின் பெயர் 'ஆக்ட்'. ஆள் ஆளாகக் குலுக்காமல் ஊர்த் தொகுதி தொகுதியாகக் குலுக்கினார்கள். சில தொகுதிகளில் செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி, ஊசிப் பெட்டி, கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணிக்க, வயிற்றில் வைத்து அளக்கும் வண்ண நாடா. மற்ற தொகுதிகளில் வழக்கப்படி. மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவம்.

இந்தியாவின் வழிகாட்டி வந்த அதே 2014-ன் கடைசியில் 'ஆக்ட்' கணக்கு வெளியானது. மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தக் குழந்தைகளை எடுத்தால், வழக்கப்படி நடந்த ஊர்களில் ஆயிரத்துக்கு 23.9 சாவு. ஊசி கொண்டுபோன ஊர்களில் 27.4.

கூடியிருந்தது. ஆயிரத்துக்கு மூன்றரை குழந்தை. தாய்மாருக்குக் கிருமித் தொற்றும் ஊசி ஊர்களில் அதிகம்.

கூடுதல் சாவு பெரும்பாலும் நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளிடம். நாடாவை வைத்து மாதம் கணித்ததில், குறைமாதமே இல்லாத தாய்மாருக்கும் ஊசி போயிருந்தது. வலி என்று வந்தவர்களில் பலர் அப்போது பிரசவிக்கவே இல்லை. அதனால்தானா? அல்லது ஆக்லாந்தில் குழந்தைக்குப் பின்னால் நின்ற ஆக்சிஜனும் இன்குபேட்டரும் இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸும் இங்கே இல்லாததாலா? அல்லது கிருமி மலிந்த இடத்தில் இந்த மருந்துக்கே வேறு குணமா? மகப்பேறு மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஏழை நாடுகளில் நிறுத்துங்கள் என்றது ஒரு கட்சி. நிறுத்தினால் லிக்கின்ஸ் காப்பாற்றிய குழந்தைகளை மறுபடி கொல்கிறீர்கள் என்றது மறு கட்சி.

உலக சுகாதார நிறுவனம் 1969-க்கே திரும்பிப் போக முடிவு செய்தது. அதாவது, மறுபடி ஒரு குலுக்கல். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா. இந்தத் தடவை கிராமத்தில் இல்லை, 29 ஆஸ்பத்திரிகளில். நாடா கிடையாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்து வாரக் கணக்கு. 26 வாரத்திலிருந்து 34 வாரம் தொடாதவர்கள் மட்டும். பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஊசி. நிரூபணமான மருந்தை மறைத்துவைத்துத் தாய்மாருக்கு வெறும் ஊசி போடுவது நியாயமா என்று கடுமையாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். 'ஆக்ட்' கணக்கைப் பார்த்த பிறகு எது நிரூபணம் என்று திருப்பிக் கேட்டார்கள் ஆய்வை நடத்தியவர்கள். இரண்டு தரப்பையும் படித்தபோது, அன்றைய தேதியில் முடிவெடுக்கும் நாற்காலியில் நான் இல்லை என்பதில் எனக்கு நிம்மதிதான்.

2017 டிசம்பரில் 'ஆக்‌ஷன்' ஆய்வின் முதல் தாய்க்கு ஊசி போட்டார்கள். இலக்கு ஆறாயிரம் தாய்மார். எந்த ஊசியில் என்ன இருந்தது என்று போட்டவருக்குத் தெரியாது.

2019 நவம்பர். 2,852 தாய்மார் சேர்ந்திருந்தார்கள், பாதிகூட ஆகவில்லை. கண்காணிப்புக் குழு இரண்டாவது தடவையாகக் கணக்கைத் திறந்து பார்த்தது. இறந்த குழந்தைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணியது.

'தொடருங்கள்' என்ற வார்த்தை வரவில்லை. ஆய்வை உடனே நிறுத்தச் சொல்லிக் குழு பரிந்துரை அனுப்பியது.

கிராஷ் ஆய்வை நிறுத்தியது எதற்காக என்று பார்த்தோம். இன்னொரு காரணத்துக்காகவும் ஓர் ஆய்வை நடுவில் நிறுத்துவார்கள். ஆறாயிரம் தாய்மாரின் கதவைச் சாத்தியது இந்த இரண்டில் எது?

(தொடரும்)